பாலபாடமும் கஞ்சித்தொட்டியும்

1847 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31 ஆம் நாள், வெள்ளிக்கிழமை மாலை. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிலே, ஒல்லாந்தர் ஆட்சியின் இறுதிக் காலத்தில் வைத்திலிங்கச் செட்டியார் எடுப்பித்த சிவன்கோயிலில் மக்கள் கூடியிருந்தனர். இருபத்தைந்து வயது நிரம்பிய இளைஞர் ஒருவர் அவர்கள்முன் எழுந்து நின்று பேசத் தொடங்கினார். கோயிலிலே புராணம் படிப்பதும் அதற்குப் பயன் சொல்வதும் பண்டுதொட்டு வந்த வழக்கந்தான். ஆனால், பாட்டின் வழியே செல்லாமல் ஒரு பொருளைத் தனியே எடுத்துக்கொண்டு, எதிரே இருப்பவரை நோக்கி, அவருடைய அன்றாட வாழ்க்கையைப் பற்றியே நேராகப் பேசுவது அக்காலத்துச் சைவர்களுக்குப் புதுமை. அது பாதிரிமார் பிரசங்க மேடையிலே கையாண்ட முறை. அந்த இளைஞர் அதனை அவர்களிடமிருந்தே கற்றிருந்தார். நல்லூர்க் கந்தப்பிள்ளையின் மகனாகிய ஆறுமுகம் என்பது அவர் பெயர். நாவலர் என்னும் பட்டம் அப்பொழுது அவருக்குக் கிடைக்கவில்லை.

அன்று தொடங்கிய பிரசங்கம் வெள்ளிக்கிழமைதோறும் நடைபெற்றது. எடுத்துக்கொண்ட பொருள்கள் எவையென்று பார்த்தால் ஒன்று புலனாகும். கடவுள் ஒருவரே என்பது, இலிங்க வழிபாடு, தீட்சை முதலிய சமயப் பொருள்கள் அவற்றுள் இருந்தன. ஆயினும் அவற்றோடு சமமாக நின்றவை கள்ளுண்ணாமை, பிறன்மனை நயவாமை, கொல்லாமை, ஈகை, பசுக்காத்தல் என்பன. வீட்டுக்குத் திரும்பியபின் ஒவ்வொருவரும் செய்யவேண்டியதையும் விடவேண்டியதையும் பற்றியே அவர் பெரிதும் பேசினார். ஆறுமுக நாவலரைச் சமயவாதியாகவும் உரையாசிரியராகவும் பதிப்பாசிரியராகவும் அறிந்தோர் பலர். ஒழுக்கத்தைப் போதிக்க முற்பட்டு, அப்போதனையே தம்மைச் சோதிக்கும் நிலைக்கு ஆளான ஒருவராக அவரை இன்று காண முயல்வோம்.

அறநூல் கற்பித்தல் தமிழருக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே பிள்ளை மணலில் எழுத்தெழுதிப் பழகி முடியுமுன்னரே ஆத்திசூடி அவன் நாவில் ஏறிவிடும். பின்னர்க் கொன்றைவேந்தன், அதன்பின் மூதுரை, நல்வழி. பொருள் விளங்கிற்றா என்று யாரும் அவனை அவசரப்பட்டுக் கேட்பதில்லை. மனத்திலே பதிந்து கிடக்கட்டும், வேண்டியபோது தானே விளங்கும் என்பது பழைய ஆசிரியர்களின் கொள்கை. அதிலே உண்மை உண்டு. ஐந்து வயதில் கிளிப்பிள்ளைபோலச் சொன்ன சொல், நாற்பது வயதில், ஒரு கடனைத் திருப்பிக் கொடுப்பதா விடுவதா என்று மனம் ஊசலாடும் இரவிலே திடீரென்று வந்து எதிரே நிற்கும். ஆனால் அம்முறைக்கு ஒரு குறையும் உண்டு. ஓசை இனிதாயிருப்பதனாலேயே சொல் வழுக்கிப் போய்விடும். ஈகையைப் புகழும் அடிகளைப் பிழையின்றி ஒப்பித்தவன், வாயிலிலே நிற்கும் இரவலனைக் காணாமலே கதவைச் சாத்திவிடலாம். இரண்டுக்கும் இடையே முரண்பாடு இருப்பதாக அவனுக்குத் தோன்றவே தோன்றாது.

இந்நாட்டு மக்களின் அறிவெல்லாம் இத்தகைய சிறு வாக்கியங்களிலே செறிந்து கிடக்கின்றது என்பதனை நன்குணர்ந்தவர் ஒருவர் அக்காலத்து யாழ்ப்பாணத்திலே இருந்தார். அவர் தமிழரல்லர், வெசிலியன் சபையைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியார். தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1842 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலே அச்சிட்டவர். சென்னைக்குச் சென்று வாழ்ந்த பிற்காலத்தில், 1874 இல், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகள் கொண்ட பெருந்தொகுதியாக அதனை விரித்து வெளியிட்டார். அவருடைய பாடசாலையிலேதான் ஆறுமுகம் ஆங்கிலம் கற்றார். பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். இருபாலைச் சேனாதிராச முதலியாரிடமும் சரவணமுத்துப் புலவரிடமும் தமிழ் கற்றிருந்த அவருடைய புலமையை நன்கறிந்த பேர்சிவல், விவிலிய நூலைத் தமிழில் மொழிபெயர்க்கும் பணியிலே அவரைத் துணையாக அமர்த்திக்கொண்டார். வெள்ளிக்கிழமை மாலையிலே சிவன்கோயிலிற் பேசியவர், மற்றைய நாட்களிலே அந்த மொழிபெயர்ப்புக்குத் தமிழ்நடை வகுத்துக்கொண்டிருந்தார். இதனைப் பாதிரியார் அறிந்தே பொறுத்திருந்தார். இருவருடைய பெருந்தன்மைக்கும் இது சான்று. பிற்காலத்திலே இரு தரப்பாரும் ஒருவரையொருவர் எழுத்தால் வதைத்த கதைகளைப் படிக்கும்போது, இந்தச் சில ஆண்டுகளையும் மறவாமல் நினைத்துக்கொள்வது நன்று.

1848 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்திலே ஆறுமுகம் அந்த வேலையை விட்டு விலகினார். இன்று கேட்பவர்க்கு இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். அக்காலத்து யாழ்ப்பாணத்தை மனக்கண்முன் கொண்டுவந்தால்தான் அதன் கனம் தெரியும். குடாநாட்டிலே ஆறில்லை, பெருவயல் குறைவு, புகையிலைத் தோட்டமும் பனையும் எல்லாரையும் செல்வராக்கிவிடா. ஆங்கிலம் சிறிது கற்றவனுக்குக் கச்சேரியிலே ஓர் உத்தியோகம் கிடைத்தால் அவன் குடும்பமே தலைநிமிரும். நாவலருடைய தமையன்மார் அவ்வாறே அரசாங்க உத்தியோகத்தில் அமர்ந்திருந்தனர். தம்பியோ அவர்களைவிட மிகுந்த கல்வியுடையவர். சம்பளத்தை விட்டார், உத்தியோகத்தை நாடவில்லை, இல்லறத்திலும் புகவில்லை. கல்வியையும் சமயத்தையும் வளர்ப்பதற்கு இவையெல்லாம் தடை என்று அவர் கருதினார். உத்தியோகம் தேடாமையும் மணம் செய்யாமையும் தாமே விரும்பி மேற்கொண்டவை என்பதனைப் பிற்காலத்திலே பொதுமக்களுக்கு விடுத்த விஞ்ஞாபனம் ஒன்றிலே அவரே எழுதியிருக்கின்றார். அதில் தற்புகழ்ச்சி தொனிக்கின்றது என்று கருதுவாரும் உளர். எனக்கு அது கணக்கொப்புவித்தலாகவே தோன்றுகின்றது. ஊராரிடம் பணம் கேட்பவன் தான் எதனை இட்டான் என்று சொல்லக் கடமைப்பட்டவன் அல்லவா?

அதே 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டு அச்சியந்திரம் வாங்குவதற்காகத் தமிழகம் சென்றார். அப்பயணத்திலே திருவாவடுதுறை ஆதீனத்தில் அவர் பிரசங்கத்தைக் கேட்டு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கினார்கள். பட்டத்தோடும் அச்சியந்திரத்தோடும் அவர் ஊர் திரும்பினார். அவருக்கு மிகவும் வேண்டியிருந்தது அந்த இரண்டாவது பொருளே. வித்தியாசாலைக்கு மாணவர் வந்துவிட்டனர். அவர்களுடைய கையிற் கொடுக்கப் புத்தகம் இல்லை. அமெரிக்க மிசனாரிமாருக்கு மானிப்பாயிலே 1834 முதல் அச்சுக்கூடம் இருந்தது. பாடநூல்களும் துண்டுப் பிரசுரங்களும் அங்கிருந்து வெளிவந்தன. அவற்றுக்கு ஈடாக அச்சிடப்பெற்றவையே நாவலருடைய பாலபாடங்கள். முதற் பாலபாடம் 1850 ஆம் ஆண்டளவில் வெளிவந்தது. மற்றவை அதனைத் தொடர்ந்தன.

அந்த நூற்றாண்டிலே உலகின் பல பாகங்களிலும் இத்தகைய முயற்சி நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவிலே மக்கபி என்பவர் 1836 முதல் வெளியிட்ட வாசகப் புத்தகங்கள், எழுத்துக் கற்கும் பிள்ளைக்கு உண்மை பேசுதலையும் உழைப்பையும் சேர்த்துக் கற்பித்தன. இங்கிலாந்திலே சாமுவேல் சிமைல்சு 1859 இல் எழுதிய தன்முயற்சி பற்றிய நூல் தொழிலாளர் வீடுகளிலும் புகுந்தது. அச்சு மலிந்து, படிப்போர் தொகை பெருகியபோது, ஒழுக்கமும் புத்தகமாகிக் கைக்கு வந்தது. யாழ்ப்பாணத்துப் பாலபாடத்தை அந்தப் பெருங்கூட்டத்திலே ஒன்றாக வைத்துப் பார்ப்பதனால் அதன் பெருமை குறைந்துவிடாது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சிமைல்சு, முயன்றால் வாழ்விலே உயரலாம் என்றார். நாவலரோ உயர்வைப் பற்றி அதிகம் பேசவில்லை. தவறு செய்யாதே, செய்தால் உனக்கும் உன் அயலானுக்கும் இன்ன கேடு வரும் என்பதே அவர் பேச்சு.

நான்காம் பாலபாடத்தை எடுத்துப் பாருங்கள். கொலை, புலாலுண்ணல், களவு, கள்ளுண்ணல், பொய், அழுக்காறு, கோபம், சூது எனத் தீமைகள் தனித்தனித் தலைப்பின்கீழ் வருகின்றன. செய்ந்நன்றியறிதல், தாய் தந்தையரைப் பேணல், கல்வி, ஈகை முதலிய நன்மைகளும் அவ்வாறே வருகின்றன. ஒவ்வொன்றும் சிறு வசனக் கட்டுரை. முதலிலே சொல்லின் பொருளை வரையறுத்துவிடுவார். களவு என்றால் என்ன? மறைவிலே எடுப்பது மட்டுமா? ஏவியவனுக்கும் உடன்பட்டவனுக்கும் அதிலே பங்கு உண்டா? இப்படி வினவித் தப்பிச்செல்லும் வழிகளையெல்லாம் ஒவ்வொன்றாக அடைப்பதுபோலவே அந்த நடை செல்லும். கால்புள்ளியும் அரைப்புள்ளியும் இட்டு, வாக்கியத்தைச் சிறு சிறு படிகளாக வெட்டியிருப்பார். பாட்டிலே வழுக்கிச் சென்ற பொருள் வசனத்திலே வழுக்கமாட்டாது. ஒப்பிக்கும் மாணவன் எந்தப் படியிலும் நின்று சிந்திக்க வேண்டியதாகிவிடும். அவர் திருக்குறளையும் பரிமேலழகர் உரையோடு பதிப்பித்தவர். மூதுரைக்கும் நல்வழிக்கும் உரை கண்டவர். எனினும் பழைய அறநூல்களுக்கு அவர் செய்த பெருந்தொண்டு, அவற்றின் சாரத்தை யாழ்ப்பாணத்துச் சிறுவனுக்கு விளங்கும் வசனமாக்கியதே என்பது என் எண்ணம்.

ஒன்றை ஒளிக்காமற் சொல்லவேண்டும். அந்தப் பாடங்களிலே சிரிப்பு இல்லை. கண்டிப்பான ஆசிரியரின் முகம் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகின்றது. நரகமும் அடிக்கடி வருகின்றது. இன்றைய ஆசிரியர் ஒருவர் அவற்றை அப்படியே வகுப்பிலே படிப்பாரானால் பிள்ளைகள் அஞ்சினாலும் அஞ்சுவர், உறங்கினாலும் உறங்குவர்.

கண்டிப்பு பிறரோடு நின்றுவிடவில்லை. பாதிரிமாரை எதிர்த்து 1854 இல் சைவதூஷணபரிகாரம் எழுதியவர், 1872 இல் யாழ்ப்பாணச் சமயநிலை என்னும் பிரசுரத்திலே தம்முடைய சைவமக்களையே நிறுத்தி வைத்துக் குற்றம் சாட்டினார். கோயிலை நடத்துவோர் கணக்குக் காட்டாமை, பூசகர் கல்லாமை, திருவிழாவிலே வாணவேடிக்கைக்கும் சதிர்க்கச்சேரிக்கும் பணம் செலவிடும் செல்வர் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் காசு கொடாமை ஆகியவற்றை அவர் கடிந்தார். தாம் பிறந்த ஊராகிய நல்லூரின் கந்தசுவாமி கோயில் நிருவாகத்தோடும் அவருக்கு நெடிய வழக்கு இருந்தது. நண்பர்கள் குறைந்தனர். 1872 இல் அவர் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலை பொருள்முட்டுப்பாட்டினால் நான்கு ஆண்டுகளிலே மூடப்பட்டது. உபதேசத்தைக் கேட்டுத் தலையசைப்போர் பணப்பையை அவிழ்ப்பதில்லை என்பதனை அவரைவிட நன்றாக அறிந்தவர் இருந்திருக்க முடியாது.

இந்நிலையிலேதான் பஞ்சம் வந்தது.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய கொடும் பஞ்சத்தைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். சென்னை மாகாணத்திலே மக்கள் இலட்சக்கணக்காக மாண்டனர். யாழ்ப்பாணம் உண்ணும் அரிசியிற் பெரும்பகுதி கடல் கடந்து அந்தக் கரையிலிருந்தே வந்துகொண்டிருந்தது. அங்கே விளையவில்லை, இங்கே அடுப்பு எரியவில்லை. குடாநாட்டிலே மழையும் பொய்த்தது. வறுமைக் காலத்தில் யாழ்ப்பாணத்தானைக் காப்பது பனை. பனாட்டும் ஒடியற்கூழும் பல மாதங்களைத் தள்ளிவிடும். ஆனால் வெறும் பனையை நம்பி எத்தனை நாள் வாழலாம்? பசியால் மெலிந்த உடலிலே பேதிநோய் எளிதிற் புகும். 1877 இல் அந்நோய் ஊர் ஊராகப் பரவிற்று.

நாவலருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. உடல்நலம் குன்றியிருந்தது, கையிலே பொருள் இல்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அச்சிட்ட பாலபாடத்திலே ஈகையைப் பற்றிய கட்டுரை இருந்தது. ஊரெல்லாம் அதனைப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறை தலையெடுத்திருந்தது. ஏழைக்கு அன்னமிடுதல் கடமை என்று எழுதியவர் என்ன செய்யப்போகின்றார் என்று அத்தலைமுறை பார்த்திருந்தது.

அவர் வண்ணார்பண்ணையிலே கஞ்சித்தொட்டி ஒன்றை ஏற்படுத்தினார். கஞ்சித்தொட்டி என்பது, பெருங்கலங்களிலே கஞ்சி காய்ச்சி வருவோர்க்கெல்லாம் வார்க்கும் இடம். சத்திரத்திலே இலைபோட்டு நடக்கும் அன்னதானத்தைப் போன்ற சிறப்பு அதற்கில்லை. கொடுத்தவன் பெயரைக் கல்லிலே வெட்டும் வழக்கமும் அதற்கில்லை. சிரட்டையோ சட்டியோ ஏந்தி வந்தவன் அன்றைய உயிரைப் பிடித்துக்கொண்டு போவான், நாளைக்கும் வருவான். ஆகவே ஒருநாட் செலவோடு அது முடிவதில்லை. நாள்தோறும் அரிசி வேண்டும். நாள்தோறும் எவரிடமேனும் கேட்க வேண்டும். பாடசாலைக்குப் பணம் கேட்டு வாயில்தோறும் நின்று பழகிய நாவலர் இப்பொழுது அரிசிக்காகக் கேட்டார். பத்திரங்கள் எழுதினார், செல்வரிடம் சென்றார், கொடுத்தவரை வாழ்த்தினார், கொடாதவரைப் பெயர் சுட்டாமலும் சுட்டியும் கடிந்தார். ஊர் முழுவதையும் அவரால் காக்க முடியவில்லை. அத்துணைப் பெரிய துன்பத்துக்கு முன்னே ஒரு கஞ்சித்தொட்டி எம்மட்டு!

இதனோடு அவர் நின்றிருந்தால் அவரைப் புகழ்வது எளிதாயிருக்கும். கஞ்சி வார்த்த கையாலேயே அவர் ஏசண்டர் துரைக்கு எதிராக எழுதவும் தொடங்கினார். அக்காலத்து வடமாகாண ஏசண்டராயிருந்தவர் துவைனம் துரை. 1869 முதல் 1896 வரை அப்பதவியை வகித்தவர். பஞ்சத்திலும் பேதியிலும் மக்கள் மடியும்போது அரசாங்கம் செய்யவேண்டியதைச் செய்யவில்லை என்பது நாவலரின் குற்றச்சாட்டு. துரையின் ஆட்சிமுறையையும் அவரைச் சூழ்ந்திருந்த உத்தியோகத்தரின் நடத்தையையும் அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். துவைனத்தின் தரப்பிலும் சொல்வதற்கு உண்டு என்பதனை நாம் மறுக்கலாகாது. ஓய்வு பெற்ற பின்னரும் தம் நாட்டுக்குத் திரும்பாமல் யாழ்ப்பாணத்திலேயே தங்கி 1922 இல் இங்கேயே இறந்த அவரை, இந்நாட்டை நேசியாதவர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நேசிப்பது வேறு. பஞ்சகாலத்திலே அரிசி வருவிப்பது வேறு. அரசாங்கத்தில் உத்தியோகம் பெற்றிருந்த கற்றோர் பலர் இவ்வேறுபாட்டை அறிந்திருந்தும் வாய்திறவாதிருந்தனர். திறந்தால் அவர்களுக்கு இழப்பதற்குச் சம்பளம் இருந்தது. 1848 இல் நாவலர் சம்பளத்தை விட்டது எதற்காக என்பது முப்பது ஆண்டுகள் கழித்து இவ்வாறு விளங்கிற்று. அன்று அவரே அதனை எண்ணியிருப்பாரா என்பது ஐயந்தான்.

1879 ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே, சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசை நாளில், வண்ணார்பண்ணை வித்தியாசாலையில் நாவலர் நிகழ்த்திய பிரசங்கமே அவருடைய கடைசிப் பிரசங்கம். சிவன்கோயிலிலே முதன்முதற் பேசிய நாளுக்கும் அதற்கும் இடையே ஏறக்குறைய முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றிருந்தன. அவ்வாண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். மூன்று ஆண்டுகளுக்குள், 1882 இல், கனகரத்தின உபாத்தியாயர் அவருடைய சரித்திரத்தை எழுதி வெளியிட்டார்.

சரித்திரம் எழுதுவோர் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுவர். நிறுத்தலாகாது என்பது என் கருத்து. ஏனெனில் பாலபாடத்திலே அயலான் என்று வரும் இடத்தில் யார் அயலான் என்னும் வினாவுக்கு அவர் கொடுத்த விடை முழுமையானது அன்று. சாதி ஒழுங்கை அவர் ஏற்றுக்கொண்டவர். ஏற்றுக்கொண்டதோடு, சமய நூல்களைக் காட்டி அதனை நிலைநாட்டவும் முயன்றவர். ஆலயத்திலும் பள்ளிக்கூடத்திலும் அவ்வேறுபாடு காக்கப்படவேண்டும் என்பதிலே அவருக்கு ஐயம் இருந்ததில்லை. காலத்தின் குற்றம் என்று சொல்லித் தப்பிக்க வழியுண்டு. ஆனால் உத்தியோகம், மணம், ஊராரின் மதிப்பு ஆகிய எல்லாவற்றிலும் காலத்தை எதிர்த்து நின்றவருக்கு அந்தச் சலுகையை எவ்வளவு தூரம் கொடுப்பது? களவுக்கு உடன்பட்டவனையும் பங்காளி என்று நுணுகி ஆராயும் முறையை நமக்குக் கற்பித்தவர் அவரே. அந்த அளவுகோலை அவர்மேலும் வைத்துப் பார்ப்பது அவரை அவமதிப்பதாகாது. அவரிடம் படித்ததற்கு அடையாளமேயாகும்.

அவருக்குப் பின் இக்குடாநாடு அந்த வினாவோடு நெடுங்காலம் போராடிற்று. 1924 இல் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற இயக்கத்தில் ஹன்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர்கள் தீண்டாமையை எதிர்த்தனர். 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள் அதனையே வற்புறுத்தினார். பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்று விதித்தபோது, 1930 ஐ அடுத்து, பாடசாலைகள் சில தீக்கிரையாக்கப்பட்டன. கல்விக்கென்று ஓலைக்கொட்டில் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்திலே, பக்கத்தில் எந்தப் பிள்ளை இருக்கலாம் என்பதற்காகப் பள்ளிக்கூடம் எரிந்தது! ஆலயம், பாடசாலை முதலிய பொதுவிடங்களில் ஒருவரைச் சாதி காரணமாகத் தடுத்தல் குற்றம் என 1957 இல் சட்டம் இயற்றப்பட்டது. பதினொரு ஆண்டு கழித்து, 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே வழிபட வந்த மக்கள் தடுக்கப்பட்டனர். தடுத்தோரின் முன்னணியில் நின்றவர் கணிதப் பேராசிரியராயும் அமைச்சராயும் இருந்த செ. சுந்தரலிங்கம். கற்றவர் தவறு செய்யார் என்று எண்ணியிருந்தோர் அன்று அந்த எண்ணத்தைக் கைவிட நேர்ந்தது. மறு ஆண்டு, 1969 இல், நல்லூரிலே நாவலருக்குச் சிலை நிறுவப்பட்டது.

இவற்றிடையே வேறொரு நிகழ்ச்சியும் மெல்ல நடந்துகொண்டிருந்தது. பாட்டறிந்த புலவர்க்கு மட்டும் உரியதாயிருந்த எழுத்தை எளிய வசனமாக்கி அச்சிலேற்றியவர் நாவலர். ஒருமுறை அச்சேறிய வசனம் யார் கைக்குச் செல்லலாம், யார் கைக்குச் செல்லலாகாது என்று பின்னர் எவரும் வேலி கட்ட முடியாது. சிறுவயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு நீங்க நேர்ந்த டொமினிக் ஜீவா, யாழ்ப்பாண நகரத்து முடிதிருத்தும் நிலையம் ஒன்றிலே தொழில் செய்துகொண்டே கதைகள் எழுதினார். 1966 இல் மல்லிகை என்னும் சஞ்சிகையையும் அங்கிருந்தே தொடங்கினார். கே. டானியல் 1972 இல் பஞ்சமர் என்னும் நாவலை வெளியிட்டார். யாழ்ப்பாணத்தார் தம் ஒழுக்கத்தைப் பற்றிக் கொண்டிருந்த பெருமிதத்தை அவ்விருவரும் அதே வசனத்தைக் கொண்டு, தலைப்புத் தலைப்பாக, தப்பும் வழியை அடைத்து அடைத்து விசாரித்தனர்.

ஜீவாவுக்கு இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றுத்தந்த சிறுகதைத் தொகுதியின் பெயர் தண்ணீரும் கண்ணீரும். ஆறில்லாத இக்குடாநாட்டிலே அக்காலத்தில் குடிக்கும் நீர் முழுவதும் கிணற்று நீராயிருந்தது. துலாவினாலே பட்டையை இறக்கி, மேலே கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தத் துலாக்கயிற்றைத் தொடும் உரிமையற்று, யாரேனும் இரங்கி வார்க்கும் வரையில் வெறுங்குடத்தோடு கிணற்றடியிலே காத்து நின்ற பெண்கள் ஊர்தோறும் இருந்தனர். கஞ்சித்தொட்டியைப் பற்றி எழுதிய சரித்திரங்களில் அந்தக் குடங்கள் இடம்பெறவில்லை.